நாலு பேர், ஒரு பியானோ, இருபத்தேழு மரங்கள்

"இரண்டு தடவை வாசியுங்கள்" என்றார் கொழும்பிலிருந்து வந்தவர்.

எங்கள் தோட்டத்து உத்தியோகத்தர் கிளப்பில், மூன்று கால் தரையிலும் நாலாவது கால் தீப்பெட்டியிலும் நிற்கிற கதிரையில் அவர் உட்கார்ந்திருந்தார். மடியில் டீச்சர் எழுதிய இசைத்தாள். கையில் கூராகச் சீவிய பென்சில். பக்கத்து ஸ்டூலில் பிளேன்டீ. ஈ விழாமலிருக்க அதன்மேல் சோசரைக் கவிழ்த்திருந்தோம். மரியாதை என்றால் எங்களுக்கு அவ்வளவுதான் தெரியும்.

அவர் பெயர் ஹேமபால. கொழும்பில் நடக்கவிருந்த ஒரு புதிய இசை விழாவுக்கு ஆள் தேடுகிறவர். வெள்ளைச் சட்டை, வெள்ளை மீசை, பேச்சு ஆங்கிலம்.

"எழுதாததை வாசிக்கிறவன் எவனும் ஒரு தடவை நல்ல இடத்தில் விழுந்துவிடுவான். நீங்கள் விழவில்லை, நடந்துதான் வந்தீர்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும். அதனால் இரண்டு தடவை."

நியாயமான பேச்சு. ஆனால் அதைக் கேட்டதும் தப்பு மேளம் வாசிக்கிற மருதமுத்து என்னைப் பார்த்தார். டபுள் பேஸைப் பிடித்துக்கொண்டு நின்ற நான் பியானோவைப் பார்த்தேன். பியானோவில் இருந்த ஜெயமலர் டீச்சர் தன் விரல்களைப் பார்த்தார். சாக்ஸபோன் பாரூக் நானா மட்டும் ஹேமபாலவை நேராகப் பார்த்து, கடைக்கு வந்த ஆளிடம் சிரிப்பதுபோல ஒரு சிரிப்புச் சிரித்தார்.

அந்தப் பிற்பகலில் எங்களுக்கு என்ன கிடைக்கும், என்ன போகும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு தடவையும் சரியாக வாசித்தால் நாங்கள் நாலு பேரும் கொழும்பு மேடையில். இல்லையென்றால் டீச்சரின் இசை மட்டும் கொழும்புக்குப் போகும். படித்துத் தேறிய வேறு நாலு பேர் அதை வாசிப்பார்கள். எங்களுக்கு முன்வரிசையில் இலவச இருக்கை. விழாக்காரர்கள் அனுப்பிய கடிதத்தில் அப்படித்தான் இருந்தது. மிகவும் பண்பான கடிதம். படித்து முடித்த பிறகுதான் வலித்தது.

எந்த வருடம் என்று கேட்காதீர்கள். என் மனைவி ஒன்று சொல்கிறாள், பாரூக் நானா இன்னொன்று சொல்கிறார், இரண்டு பேரும் சத்தியம் செய்கிறார்கள். கேகாலை பஸ்ஸில் ஏறும்போது பணப்பையை மறந்தாலும் அடையாள அட்டையை மறக்காத காலம். அது போதும்.

உயரத்தால் வந்த வித்துவம்

இரண்டு கிழமைக்கு முன் இந்தத் தொடரில் 'கிளப் மேளம்' என்று போகிற போக்கில் ஒரு வார்த்தை எழுதியிருந்தேன். அது என்ன மேளம், எந்தக் கோயில் என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

லயத்து வரிசை வீட்டு ஆட்கள் எங்கள் குழுவுக்கு வைத்த பெயர் அது. நாங்கள் வாசித்தது ஜாஸ். கொஞ்சம் எழுதி வைத்திருப்பது. மிச்சம் அந்த நேரத்தில் கைக்கு வருவது. கர்நாடக சங்கீதக்காரர்கள் இதை மனோதர்மம் என்பார்கள். அதே சொல்லை நாங்களும் எடுத்துக்கொண்டோம். இதுவரை யாரும் வழக்குப் போடவில்லை.

டீச்சர் எழுதியதோ இந்தக் காலத்து மேலைச் செவ்வியல் இசை. அதில் மெட்டு வரட்டும் என்று காத்திருந்தால் கடைசி பஸ் போய்விடும். இந்த இரண்டையும் ஒன்றாகப் பிசைந்தோம். பழஞ்சோற்றில் கேக்கைப் பிசைந்த மாதிரி இருக்கிறது என்றாள் என் மனைவி. அவள் முழுதாக உட்கார்ந்து கேட்டது ஒரே ஒரு தடவை. அன்றைக்கும் மடியில் ஆய்வதற்குக் கீரை வைத்திருந்தாள்.

நான் தோட்டக் கந்தோரில் கிளாக்கர். ஆறடி ஓர் அங்குலம். அதுதான் என் இசைத் தகுதி. கிளப்பின் சாமான் அறையைத் துப்புரவு செய்தபோது, உடைந்த பில்லியர்ட் மேசைக்குப் பின்னால் ஒரு டபுள் பேஸ் நின்றுகொண்டிருந்தது. வெள்ளைக்காரத் தொரைமார் நடனமாடிய காலத்து மிச்சம். வயிற்றுக்குள் குளவி கூடு கட்டியிருந்தது. டீச்சர் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அண்ணே, இதவிட ஒசரமா இங்க நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க."

நியமனம் அத்தோடு முடிந்தது.

அதன் நாலு கம்பிகளில் இரண்டு அசல். மூன்றாவது கண்டியில் வாங்கியது. நாலாவது என்னவென்று பாரூக் நானா இன்றுவரை சொல்லவில்லை. சைக்கிள் சம்பந்தப்பட்டது என்று சந்தேகம். கம்பி மாட்டிக்கொண்டு வேனில் திரும்பி வரும்போது, சோதனைச் சாவடியில் ஓர் இளம் சிப்பாய் பெட்டியைத் திறக்கச் சொன்னான். உள்ளே எட்டிப் பார்த்து, "இது கிட்டாரோட அம்மாவா?" என்று சிங்களத்தில் கேட்டான். "ஆமா மாத்தயா, பிள்ளைங்க எல்லாம் வீட்டுல" என்றார் மருதமுத்து, அவனுடையதைவிட நல்ல சிங்களத்தில்.

சிப்பாய் ஒரு கம்பியை விரலால் சுண்டினான். சத்தம் முழுதாக அடங்கும்வரை தலையைச் சாய்த்துக் கேட்டான். பிறகு பெட்டியை அவனே மூடிவிட்டான். எங்கள் குழுவின் முதல் ரசிகன்.

சட்டிகளுக்கு நடுவில் சாக்ஸபோன்

பாரூக் நானாவுக்கு மாவனல்லையில் பாத்திரக் கடை. அதற்கு முன் வளைகுடாவில் ஒரு ஹோட்டலில் சாமான் அறைப் பொறுப்பு. அங்கே வாசித்த பிலிப்பைன்ஸ்காரர் ஒருவரிடம் ஊதக் கற்றுக்கொண்டு, அந்த மனிதர் ஊருக்குப் போனபோது சாக்ஸபோனையும் பெற்றுக்கொண்டு வந்துவிட்டார்.

கடையில் ஆள் இல்லாத நேரம் அலுமினியச் சட்டிகளுக்கு நடுவில் நின்று ஊதுவார். அடுக்கில் இருக்கிற ஒவ்வொரு சட்டியும் ஒவ்வொரு சுரத்தோடு சேர்ந்து அதிரும். எது எதற்கு அதிரும் என்று அவருக்கு மனப்பாடம். "இதக் கொண்டு போங்க உம்மா, சுருதி பிசகாத சட்டி" என்று சொல்லியே பல வருடம் வியாபாரம் செய்திருக்கிறார்.

மருதமுத்து எங்கள் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். ரப்பர் பால். தோட்டத்துக் கல்யாணம், சாவு, திருவிழா எதுவானாலும் தப்பு அவருடையது. ஒரு கையில் நீண்ட மெல்லிய குச்சி, மறு கையில் குட்டையான தடித்த குச்சி. ஈரத்தில் தோல் தொய்ந்துபோகும், அதைச் சூட்டில் வாட்ட வேண்டும். மற்றவர்கள் வைக்கோலைக் கொளுத்துவார்கள். இவர் ரப்பர் ஷீட்டுகளைப் புகைபோட்டுக் காயவைக்கும் அறையின் வாசலில் வாட்டிக்கொண்டு வருவார். அதனால் எங்கள் இசைக்கு ஒரு வாசனை உண்டு. உலகத்தில் வேறு எந்த ஜாஸ் குழுவுக்கும் அது இருக்காது என்று அடித்துச் சொல்வேன்.

டீச்சர், தோட்டத்து ஃபெக்டரியில் வேலை பார்த்தவரின் மகள். கேகாலையில் பியானோ படித்து, கொழும்பில் இசை எழுதப் படித்து, திரும்பி வந்து தோட்டப் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பித்தார். கிளப்பில் கிடந்த பியானோவைக் கண்டுபிடித்து, ஈரத்தில் ஊறாமலிருக்க அதற்குள் இரவு பகலாக ஒரு பல்பை எரியவிட்டவர் அவர்தான். பத்து வருடமாக எழுதினார். எழுதிய ஒன்றைக்கூட யாரும் வாசித்ததில்லை.

"சமைச்சுச் சமைச்சு மூடி வைக்கிற மாதிரி இருக்குண்ணே" என்று ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் முறையிட்டு நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

கால் போகுதுல்ல

எங்களுக்கென்று அவர் முதலில் எழுதியது ஐந்து கோடு போட்ட சரியான இசைத்தாள். பாரூக் நானா அதில் பாதி படிப்பார். நான் எழுத்துக்கூட்டி, நிமிடத்துக்கு ஒரு சுரம். மருதமுத்து தாளைத் தலைகீழாகவும் பார்த்துவிட்டு, "எறும்பு போற மாதிரி இருக்குங்க டீச்சர்" என்றார்.

எட்டு மாதம் அந்த எறும்புகளோடு போராடினோம். டீச்சர் 'ஒன்று இரண்டு மூன்று' என்று எண்ணுவார். நாங்கள் அந்த எண்ணிக்கையை மரியாதையோடு கேட்டுக்கொள்வோம். பின்பற்றியதில்லை.

பிறகு ஒரு விடியற்காலை, பாடசாலைக்குப் போகிற குறுக்குப் பாதையில், மூணாம் நம்பர் மலையில் மருதமுத்து வெட்டிக்கொண்டிருப்பதை டீச்சர் நின்று பார்த்தார்.

"மருதண்ணே, முந்நூறு மரத்தையும் எப்படி ஞாபகம் வச்சிருக்கீங்க?"

"ஞாபகம் எதுக்குங்க டீச்சர்? கால் போகுதுல்ல."

"ஒவ்வொண்ணுலயும் எவ்வளவு நேரம் நிப்பீங்க?"

"நிக்கவே கூடாதுங்க. வெட்டிட்டு அங்கயே பாத்துக்கிட்டு நின்னா பால் வந்துருமா? வெட்டணும், போயிறணும். அப்புறம் வாரப்ப அது என்ன குடுத்திருக்கோ அத எடுத்துக்கணும். குடுக்கலன்னா சும்மா போகணும்."

டீச்சர் அன்றைக்குப் பாடசாலைக்கு அரை மணி நேரம் தாமதம்.

ரப்பர் பக்கம் வந்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். விடிந்ததும் நிரை பிடித்து நடந்து, ஒவ்வொரு மரத்திலும் பட்டையைச் சாய்வாக ஒரு கீற்றுச் சீவி, கீழே சிரட்டையைச் சரிசெய்துவிட்டு அடுத்ததற்குப் போவார்கள். கடைசி மரம்வரை அப்படி. பிறகு முதல் மரத்துக்கு வந்து, வாளியோடு அதே வழியில் நடந்து, சிரட்டைகளில் சேர்ந்ததை எடுப்பார்கள். சில சிரட்டை நிறைந்திருக்கும், சிலதில் ஒரு கரண்டி, ஒன்றிரண்டு வெறுஞ்சிரட்டை.

டீச்சர் அடுத்து எழுதிய தாளில் கோடுகளே இல்லை. அது ஒரு மலையின் வரைபடம். நாலு நிரை, ஆளுக்கு ஒன்று. நிரைக்கு இருபத்தேழு மரம். ஒவ்வொரு மரத்திலும் எழுதி வைத்த ஒரு சின்னக் கீற்று: நாலைந்து சுரம், அல்லது தப்புக்கு ஒரு அடி. அதைச் சுத்தமாக வாசித்துவிட்டு நடக்க வேண்டும். வழியில் யாரும் யாருக்காகவும் நிற்கக்கூடாது. நாலு பேருக்கும் இருபத்தேழும் முடிந்ததும் முதல் மரத்துக்குத் திரும்ப வேண்டும். இனி மனோதர்மம். போகும்போது விட்டுவந்த கீற்றிலிருந்து இப்போது என்ன ஊறி வருகிறதோ அதை எடுத்து வாசிக்க வேண்டும். ஊறவில்லையா, அந்த மரத்தில் மௌனம். பொய்யாக ஊதக் கூடாது.

பெயர், 'மூணாம் நம்பர் மலை'.

முதல் நாளே அரைமணி நேரம் நின்றுபோகாமல் வாசித்தோம். மருதமுத்து முன்னால் போய்விட்டார். நான் பின்னால். நானாவின் சாக்ஸபோன் இடையில் எங்கோ மரத்துக்கு மரம் வளைந்து வளைந்து போயிற்று. ஒருவர் வெட்டிய சத்தம் இன்னொருவர் மௌனத்தில் சொட்டியது. முடிந்ததும் டீச்சர் பியானோவின் மேல் தலையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் எழும்பவில்லை. பத்து வருடம் மூடி வைத்ததை அன்றுதான் அவர் ருசி பார்த்தார்.

நடை பழகட்டும் என்று எங்களை மலைக்கே கூட்டிப்போனார். நானா சாரத்தை மடித்துக் கட்டி, அட்டைக்குப் பயந்து முழங்கால்வரை சவர்க்காரம் பூசிக்கொண்டு வந்தார். அப்படிப் போன ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டது. மழை விழுந்தால் சிரட்டையில் இருக்கிற பால் கழுவிப்போகும். அதனால் மழை வருகிறதென்று தெரிந்ததும், வெட்டிக்கொண்டிருக்கிற இடத்தில் அப்படியே விட்டுவிட்டு, முதல் மரத்துக்கு ஓடிவந்து கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். அன்று மருதமுத்துவுக்குப் பின்னால் நானாவும் ஓடினார், டீச்சரும் ஓடினார். நான், மழைக்குப் பதினைந்து வருடமாகச் செய்துவந்ததையே செய்தேன்: பால் நிறுக்கும் கொட்டகையில் நனையாமல் நின்று, அவர்கள் வருவதைப் பார்த்தேன்.

மருதமுத்து இன்னொரு சட்டமும் போட்டார். இன்று வெட்டிய மரத்தை நாளைக்கு வெட்டக்கூடாது. ஒருநாள் விட்டு ஒருநாள்தான். டீச்சரின் இசைக்கும் அதே சட்டம் என்றார். மூடநம்பிக்கை என்று நினைத்து ஒரு சனிக்கிழமை இரண்டாம் தடவையும் வாசித்துப் பார்த்தோம். "தண்ணிப் பால்" என்றார் மருதமுத்து. உண்மை. யாருக்கும் எதுவும் ஊறவில்லை. முதல் தடவை செய்ததையே நினைவுபடுத்திச் செய்துகொண்டிருந்தோம். அதற்குப் பிறகு ஒரு நாளைக்கு ஒரு தடவைதான்.

ஹேமபால 'இரண்டு தடவை' என்றதும் நாங்கள் ஏன் ஆளுக்கொரு பக்கம் பார்த்தோம் என்று இப்போது விளங்கியிருக்கும்.

என் நல்ல யோசனை

ஒரு வெட்கத்தையும் இங்கே எழுதிவிட வேண்டும். கடிதம் வந்த கிழமை, டீச்சர் தனியாக இருந்த நேரம் பார்த்து, "குடுத்துருங்க டீச்சர்" என்றேன். "கொழும்புக்காரங்க வாசிக்கட்டும். எங்களப் பாத்தா உங்களுக்கு ஒரு நாளும் விடியாது." பெரிய தியாகம் செய்கிற குரலில் சொன்னேன். உள்ளே பயம்தான். ஆறடி ஓர் அங்குல உயரத்தில் மேடையில் நின்று பிழை விட்டால் தூரத்திலிருந்தே தெரியுமல்லவா.

டீச்சர் கோபப்படவில்லை.

"அவங்க வாசிப்பாங்கண்ணே. நல்லாவே வாசிப்பாங்க. ஆனா நான் எழுதுனது நம்ம நாலு காலுக்கு."

எட்டுக் கால் என்று திருத்த நினைத்தேன். நல்ல வேளை, சும்மா இருந்தேன்.

ரம்புக்கனைப் பக்கமிருந்து

இப்போது மறுபடியும் கிளப்புக்கு வருவோம். ஹேமபால பென்சிலை முதல் மரத்தில் வைத்துவிட்டார். நான் மருதமுத்துவின் காதருகே குனிந்தேன்.

"இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் ரெண்டு தடவ வாசிச்சிருங்க. டீச்சருக்காக."

"மொத தடவ முடியட்டுங்க கிளாக்கரய்யா" என்றார்.

தொடங்கினோம். பெருமையடிக்கிறேன் என்று நினைக்காதீர்கள்; பெருமைதான் அடிக்கிறேன். அவ்வளவு சுத்தமாக நாங்கள் அதற்கு முன் வெட்டியதில்லை. டீச்சரின் வலது கை சுரங்களைக் கண்ணாடித் துண்டுகளைப் போல ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போயிற்று. நானா தன் பதினான்காவது மரத்தில் மூச்சை இழுத்து ஊதிய ஊதலுக்கு ஜன்னல் கண்ணாடி ஒன்றும் சேர்ந்து அதிர்ந்தது. மருதமுத்துவின் மெல்லிய குச்சி தப்பின் விளிம்பில் நடந்தது. தடித்த குச்சி எப்போதாவது ஒரு தடவை, சொல்ல வேண்டியதை மட்டும் சொன்னது. ஹேமபாலவின் பென்சில் நாலு நிரைகளுக்கும் நடுவில் தவித்துக்கொண்டு ஓடியது.

மழை மேலிருந்து வருவதற்கு முன் ரப்பர் காட்டில் பக்கவாட்டில் வரும். ரம்புக்கனைப் பக்கமிருந்து இலைக்கு இலை கை மாற்றிக்கொண்டு ஒரு சரசரப்பு வரும். வீட்டுக்குள் இருப்பவர்களுக்குக் கேட்காது. மருதமுத்துவுக்குக் கேட்டுவிட்டது.

அவர் அப்போது பதினேழாவது மரத்தில். பாதிக் கீற்றில் குச்சியை நிறுத்தினார். தலை ஜன்னல் பக்கம் திரும்பியது. அடுத்த நொடி முதல் மரத்தில் இருந்தார். தப்பு, அதுவரை நடந்த தப்பு, ஓடத் தொடங்கிவிட்டது.

யோசித்துச் செய்த காரியம் இல்லை. முப்பது வருடமாக அந்தச் சத்தத்துக்கு ஓடிய உடம்பு ஓடியது. அவரைப் பார்த்து நானா ஓடினார். நானாவைக் கேட்டு டீச்சர், இசையை எழுதிய டீச்சரே, எழுதியதை விட்டுவிட்டு முதல் மரத்துக்குப் பாய்ந்தார். மூன்று பேரும் சிரட்டை சிரட்டையாக, அரைகுறையாக ஊறியதையெல்லாம் வழித்து எடுத்துக்கொண்டு வந்தார்கள். அதற்குள் தகரக் கூரையில் மழை வந்து விழுந்துவிட்டது. தப்பு எது, கூரை எது என்று தெரியவில்லை.

நான்? பதின்மூன்றாவது மரத்தில் ஒரு நீண்ட கீழ்ச் சுரம். என் கால் நகரவில்லை. மழை வந்தால் நான் நிற்கிறவன்தானே. வில்லை அதே கம்பியில் இழுத்துக்கொண்டே நின்றேன். மூன்று பேரும் அந்த மழைக்குள் என்னைத் தாண்டி ஓடினார்கள்.

மழை மெலிந்தபோது அவர்கள் முடித்திருந்தார்கள். என் சுரம் மட்டும் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. எங்கே நிறுத்துவது என்று தெரியாததால் அது மேலும் சிறிது நேரம் கேட்டது. இதை 'அடக்கம்' என்று பிறகு ஒருவர் பாராட்டினார். மறுக்கவில்லை.

ஹேமபாலவின் பென்சில் பதினேழில் நின்றிருந்தது. பதினெட்டு முதல் இருபத்தேழு வரை தாளில் வெட்டாத மரங்கள்.

"எழுதியிருப்பது இது இல்லையே" என்றார். குரலில் கோபம் இல்லை. "மழை உங்கள் பிழை இல்லை. பரவாயில்லை. முதலிலிருந்து இன்னொரு தடவை."

மருதமுத்து தப்பைச் சுவரில் சாய்த்து வைத்தார். துண்டால் கையைத் துடைத்தார். பிறகு சிங்களத்தில் சொன்னார். நான் தமிழில் தருகிறேன்.

"மன்னிக்கணும் மாத்தயா. இன்னிக்கு வெட்டியாச்சு. ஒரே நாள்ல மரத்துல ரெண்டு தடவ கத்தி வைக்கக் கூடாது. நாளன்னைக்கு வாங்க."

ஹேமபால என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். தரை விலகி என்னை உள்ளே எடுத்துக்கொண்டால் தேவலை போலிருந்தது. அவர் டீச்சரைப் பார்த்தார்.

டீச்சர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். மருதமுத்து முணுமுணுத்துக்கொண்டே அடித்திருப்பார். நாங்களும் எப்படியாவது இருபத்தேழையும் முடித்திருப்போம். அந்தப் பியானோ முக்காலியில் பத்து வருடக் காத்திருப்பு உட்கார்ந்திருந்தது.

டீச்சர் பியானோவின் மூடியை மெதுவாக இறக்கினார்.

"அவர் சொல்வது சரி" என்றார் ஆங்கிலத்தில். "நாளை மறுநாள் வாருங்கள்."

"நாளைக்கு எனக்குக் கண்டியில் வேலை இருக்கிறது" என்றார் ஹேமபால. தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். குடையை விரித்தார். வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. பிளேன்டீயைத் தொடவேயில்லை.

"யா அல்லா" என்றார் நானா, வேன் இறங்கிப் போன பிறகு. "அந்த மனுசன் இனி வாரல்ல. நான் செல்றன், எழுதி வைங்க."

"வராட்டி போகட்டும் நானா" என்றார் மருதமுத்து. "தண்ணிப் பாலக் குடுத்து அனுப்பியிருந்தா டீச்சர் பேரு என்ன ஆகும்?"

நாளன்னைக்கு

நாளன்னைக்கு என்பது திங்கட்கிழமையாக இருந்தது. வயிற்று வலி என்று தொரையிடம் அரை நாள் லீவு கேட்டேன். டபுள் பேஸைத் தூக்கிக்கொண்டு கந்தோர் வாசலைத் தாண்டியபோது, "வயிறு இவ்வளவு பெருசா வீங்கிட்டுதா கிளாக்கர்?" என்று அவர் கேட்டதை நான் காதில் வாங்கவில்லை.

இரண்டு மணிக்குக் கூடினோம். மூன்று மணி. நானா சாக்ஸபோனைப் பெட்டியில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார். டீச்சர் பாடசாலையிலிருந்து நேராக வந்திருந்தார். விரல்களில் சோக்குத் தூள். மூன்றரைக்கு மருதமுத்து மட்டும் எழுந்து போய், தப்பை இன்னொரு தடவை வாட்டிக்கொண்டு வந்தார்.

நாலு மணியளவில் ஒரு முச்சக்கர வண்டி மலையேறி வந்தது. ரம்புக்கனை ஸ்டேஷனிலிருந்து. ஹேமபால இறங்கி, சொல்லாமலே அதே கதிரையில் உட்கார்ந்தார். தாளை எடுக்கவில்லை. பென்சிலும் இல்லை. "ம்" என்றார்.

அன்று வானம் வெளுத்திருந்தது. இருபத்தேழு மரமும் வெட்டினோம். மருதமுத்து முதலில் முடித்துக் காத்திருந்தார், பிறகு நானா, பிறகு டீச்சர். என் கடைசி ஆறு மரங்களை மூன்று பேருடைய மௌனத்துக்குள் நான் தனியாக நடந்தேன். வாழ்க்கையில் அவ்வளவு பெரிய இடத்தில் நான் தனியாக இருந்ததில்லை. திரும்பி எடுக்க வந்தபோது ஊறியிருந்ததைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. எழுத வராது. டீச்சர் ஒன்பதாவது மரத்தில் ஒன்றும் வாசிக்காமல், கையை மடியில் வைத்துக்கொண்டு, அதைத் தாண்டிப் போனார். அந்த மௌனம் மட்டும் இன்னும் எனக்கு முழுதாக ஞாபகம் இருக்கிறது.

முடிந்ததும் ஹேமபால பையிலிருந்து தாளை எடுத்து டீச்சரிடம் நீட்டினார். டீச்சர் அதை வாங்கவில்லை. வாய்ப்புப் போய்விட்டது என்று நினைத்தேன்.

"நேற்றுக் கண்டியில் என் நண்பர்கள் நாலு பேர் இதை வாசித்துப் பார்த்தார்கள்" என்றார். இந்தத் தடவை சிங்களத்தில், மருதமுத்துவுக்கும் சேர்த்து. "நாட்டிலேயே நல்ல வாத்தியக்காரர்கள். ஒரு சுரம் பிழை இல்லை. நாலு பேரும் கடைசி மரத்துக்கு ஒன்றாக வந்து சேர்ந்தார்கள்."

மருதமுத்துவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

"நாலு பேரும் ஒண்ணாவா? அப்ப அவங்க மரத்தப் பாக்கல மாத்தயா. ஒருத்தர ஒருத்தர் பாத்துருக்காங்க."

"அதைத்தான் நானும் அவர்களிடம் சொன்னேன்" என்றார் ஹேமபால. "ஆனால் இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல எனக்கு வரவில்லை." தாளை டீச்சரின் கையிலேயே வைத்து மூடினார். "இது எங்கள் ஆட்களால் ஆகாது. உங்கள் நாலு பேருடைய பெயரையும் சொல்லுங்கள், அச்சடிக்க வேண்டும்."

டீச்சர் சோக்கு விரல்களால் கண்ணைத் துடைத்து முகமெல்லாம் வெள்ளையாக்கிக்கொண்டார். நானா, "கொழும்பு ஆக்களுக்குச் சட்டி ஏதும் தேவையா மாத்தயா?" என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார். பெயர்களை எந்த வரிசையில் போடுவது என்று ஹேமபால கேட்டார். எழுதியவர் பெயர்தானே முதலில் என்றேன். டீச்சர் ஒப்பவில்லை. அன்றைக்கு யார் முதலில் முடித்தாரோ அந்த வரிசையில் என்றார். மருதமுத்து, பாரூக், ஜெயமலர், பிறகு நான்.

கொழும்பில் வாசித்தோம். எழுந்து நின்று கை தட்டினார்கள். அன்றைய நிகழ்ச்சித் தாளைக் கண்ணாடி போட்டு வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் எல்லோரும் கிட்டப் போய்ப் படித்துவிட்டு, உங்கள் பெயரை ஏன் கடைசியில் போட்டிருக்கிறார்கள் என்று வருத்தத்தோடு கேட்கிறார்கள்.

நான் என் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்கிறேன்.